பழைய தமிழ்ப் புத்தகங்களுக்காக ஒரு டேப்லெட்டைத் தயார் செய்த கதை

புதிய டேப்லெட் வாங்கியிருக்கிறேன், எந்தச் செயலிகளைப் போடலாம் என்று யாராவது கேட்டால், அதை எதற்காக வாங்கினீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் பயன்படட்டும் என்று வாங்கிய டேப்லெட்டுகள் பெரும்பாலும் யூடியூப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. நான் வாங்கியது தமிழ் நூல்களைப் படிப்பதற்கு. அதிலும் பெரும்பகுதி, கடைகளில் இப்போது கிடைக்காத பழைய பதிப்புகள். நல்லவர்கள் சிலர் பொறுமையாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வைத்திருப்பவை. அவற்றைக் கண் நோகாமல், நாற்காலியில் சாய்ந்தபடி, குறிப்பெடுத்துக்கொண்டு படிக்க வேண்டும். இந்த ஒரு தேவைக்காகச் செயலிகளைத் தேர்ந்தெடுத்து, அமைப்புகளைச் சரிசெய்து, இப்போது தினமும் கையில் எடுக்கும் பொருளாக அது மாறியிருக்கிறது. செய்தவற்றை அப்படியே எழுதுகிறேன்.

வாங்கும்போது நான் பார்த்தது திரையின் அளவை மட்டும்தான். தமிழ்ப் பதிப்பகங்கள் அதிகம் பயன்படுத்தும் டெம்மி அளவுப் புத்தகம் சுமார் 14 செ.மீ. அகலமும் 21.6 செ.மீ. உயரமும் கொண்டது. 16:10 விகிதத்தில் அமைந்த 11 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் ஏறத்தாழ 14.8 செ.மீ., உயரம் 23.7 செ.மீ. அதாவது டெம்மி புத்தகத்தின் ஒரு பக்கம் அச்சிட்ட அதே அளவில் திரைக்குள் அடங்கிவிடும். சுருக்கவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். கிரவுன் அளவுப் புத்தகம் என்றால் இடம் மிஞ்சும், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியே படிக்கலாம். 8 அங்குல டேப்லெட்டில் இது நடக்காது. கைபேசியில் ஸ்கேன் பிரதி படித்தவர்களுக்கு, வரிக்கு வரி விரலால் இழுக்கும் தொல்லை நன்றாகத் தெரியும். எனவே 11 அங்குலம், 1920 × 1200 புள்ளிகள், மெமரி கார்டு போட இடம். இந்த மூன்றும் இருந்தால் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு டேப்லெட்டே இந்த வேலைக்குப் போதும். வேகமான சில்லுக்கும் நல்ல கேமராவுக்கும் கூடுதலாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை நீக்குவதுதான். தயாரித்த நிறுவனம் தானாகப் போட்டு அனுப்பியிருந்த விளையாட்டுகள், ஷாப்பிங் செயலிகள், செய்தித் தொகுப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எடுக்க விடாதவற்றை முடக்கினேன். வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் இந்தக் கருவியில் ஏறவே இல்லை. அறிவிப்பு மணி ஒன்று அடித்தால் போதும், படித்துக்கொண்டிருக்கும் வாக்கியம் கையை விட்டுப் போய்விடும். அமைப்புகளில் மின்கலத்தை 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாமல் நிறுத்தும் வசதி இருந்தது, அதையும் இயக்கிவிட்டேன். நாள் முழுக்க மின் இணைப்பிலேயே கிடக்கப்போகும் கருவிக்கு அது நல்லது.

அடுத்துச் செய்ததைத்தான் இந்தப் பதிவின் மையம் என்று சொல்வேன். தமிழ் மின்னூல் என்ற பெயரில் நம்மிடம் இருப்பவை ஒரே வகையானவை அல்ல, மூன்று வகை. பக்கத்தின் படம் மட்டும் இருக்கும் ஸ்கேன் கோப்பு ஒன்று. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பிடிஎஃப் இன்னொன்று. முறையான யூனிகோட் உரை கொண்ட இபப் (எழுத்தின் அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய மின்னூல் வடிவம்) அல்லது இணையப் பக்கம் மூன்றாவது. இவை மூன்றையும் ஒரே செயலியில் திறந்துவிட்டு, தமிழுக்கு நல்ல வாசிப்புச் செயலியே இல்லை என்று சலித்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோப்பின் வகை தெரிந்தால், எந்தச் செயலி என்பது தானாகவே முடிவாகிவிடும்.

வகையைக் கண்டுபிடிப்பது எளிது. கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். சொல் தேர்வாகவே இல்லை என்றால் அது படம். தேர்வாகி, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால் அது பழைய எழுத்துரு. ஒட்டிய இடத்திலும் தமிழாகவே வந்தால் யூனிகோட். இந்தச் சோதனையைச் செய்து, மெமரி கார்டில் நூல்கள் என்ற கோப்புறைக்குள் மூன்று தனிக் கோப்புறைகள் வைத்துப் பிரித்துப் போட்டேன். கோப்பின் பெயரில் முதலில் ஆசிரியர், பிறகு நூல், பிறகு பதிப்பாண்டு. இணையத்திலிருந்து இறங்கும் கோப்புகள் பெரும்பாலும் எண்களும் கோடுகளுமான பெயரோடு வரும். அப்போதே பெயரை மாற்றாவிட்டால் ஒரு மாதத்தில் எது எந்த நூல் என்றே தெரியாமல் போகும்.

முதல் வகையான ஸ்கேன் கோப்புகள்தான் என்னிடம் அதிகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், இவை இரண்டிலும் கிடைக்காததற்கு இன்டர்நெட் ஆர்கைவ். இந்தக் கோப்புகளுக்கு நான் பயன்படுத்துவது கோரீடர். இலவசமான, கட்டற்ற மென்பொருள். எஃப்-டிராய்டு செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கிறது. கிண்டில், கோபோ போன்ற மின்தாள் கருவிகளிலும் ஓடும்படி எழுதப்பட்டது என்பதால், முதல் பார்வைக்கு அதன் முகம் வறண்டு தெரியும். வண்ணமும் அசைவும் கிடையாது, பட்டியலுக்குள் பட்டியலாக விரியும். அதைப் பார்த்து விலகிவிடாதீர்கள். பழைய புத்தகத்தின் ஸ்கேனுக்கு இவ்வளவு வேலை செய்யும் இன்னொரு செயலியை நான் பார்த்ததில்லை. நிறுவியதும் எல்லாக் கோப்புகளையும் அணுகும் அனுமதியைக் கேட்கும். அதைக் கொடுத்தால்தான் மெமரி கார்டில் இருக்கும் நூல்கள் தெரியும்.

கோரீடரில் நான் முதலில் தொடுவது ஓரம் வெட்டும் வசதி. ஸ்கேன் செய்த பக்கத்தைச் சுற்றி வெள்ளை ஓரம், கருப்புப் பட்டை, சில நேரம் ஸ்கேன் செய்தவரின் விரல்நுனி கூட இருக்கும். தானாக வெட்டும் முறை சுத்தமான பக்கங்களுக்குப் போதும். ஆனால் ஓரத்தில் நூலக முத்திரையோ கறையோ இருந்தால், அதையும் எழுத்தென்று எண்ணி அளவைத் தவறாக எடுத்துக்கொள்ளும். அப்போது கையால் எல்லை போடுவதே நல்லது. பக்கத்தின் மேல் ஒரு சட்டம் தோன்றும், நான்கு மூலைகளையும் இழுத்து எழுத்துப் பகுதியை மட்டும் உள்ளே நிறுத்த வேண்டும். கட்டிய புத்தகத்தை ஸ்கேன் செய்யும்போது இடப்பக்கத்தில் எழுத்து ஒரு புறமும் வலப்பக்கத்தில் மறுபுறமும் தள்ளி நிற்கும் அல்லவா? கோரீடர் ஒற்றைப்படைப் பக்கங்களுக்கும் இரட்டைப்படைப் பக்கங்களுக்கும் தனித்தனி எல்லையை நினைவில் வைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கங்களுக்கு எல்லை போட்டுவிட்டால், நூல் முழுவதும் எழுத்து ஒரே இடத்தில் நிற்கும். பக்கம் திருப்பும்போது வரிகள் இடமும் வலமும் ஆடாமல் இருப்பது கண்ணுக்கு எவ்வளவு இதம் என்பது, ஒரு மணி நேரம் படித்தால்தான் தெரியும்.

அடுத்து நிறம். பழுப்பேறிய தாளை வண்ணத்தில் ஸ்கேன் செய்த கோப்புகளில் பின்புலம் மண் நிறமாகவும் எழுத்து வெளிறியும் இருக்கும். வண்ணக் காட்சியை அணைத்துவிட்டு, எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டும் அளவுகோலை நடுவிலிருந்து கொஞ்சம் மேலே நகர்த்தினால், தாளின் பழுப்பு மறைந்து எழுத்து கருத்து நிற்கும். மிகவும் கூட்டினால் மறுபக்கத்து மை ஊடுருவித் தெரிவதும் சேர்ந்து கருத்துவிடும். புள்ளிகளும் தாளின் அழுக்கும் ஒன்றுபோல் தோன்றும். தமிழில் புள்ளி போனால் சொல்லே போய்விடும் என்பதால், ‘ந்த்’, ‘ட்ச்’ போன்ற மெய்கள் உள்ள ஒரு வரியை உற்றுப் பார்த்தபடியே இதைச் சரிசெய்வேன். அந்த வரியில் எல்லாப் புள்ளிகளும் தெளிவாக நின்றால் நூல் முழுவதும் சரியாக இருக்கும்.

இன்னொரு வசதி, படத்தில் இருக்கும் சொற்களையே வெட்டி எடுத்துத் திரை அகலத்துக்கு ஏற்ப மறுபடி வரிசைப்படுத்திக் காட்டுவது. எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) எதுவும் இல்லாமல், சொற்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியைப் பார்த்தே இதைச் செய்கிறது. வரிகளுக்கு நடுவே இடம் விட்டு அச்சிட்ட உரைநடை நூல்களில் அருமையாக வருகிறது. எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிப் படிக்கலாம். வரிகள் நெருங்கி நிற்கும் பழைய பதிப்புகளில், மேல் வரியின் ‘ழு’, ‘கூ’ போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் மேல்விலங்கும் ஒட்டிக்கொண்டு வரி குலைந்துவிடுகிறது. செய்யுளுக்கு இதைத் தொடவே வேண்டாம், அடிகள் எல்லாம் கலைந்துபோகும்.

இன்டர்நெட் ஆர்கைவிலிருந்து எடுத்த பிடிஎஃப்களில் சில, பக்கம் திருப்பும்போது தயங்கி நிற்கும். டேப்லெட் பழுதோ என்று எண்ண வேண்டாம். அந்தக் கோப்புகளில் தாளின் பின்புலம் ஒரு அடுக்காகவும் எழுத்து வேறொரு அடுக்காகவும் பிரிக்கப்பட்டு, ஜேபெக் 2000 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும். கோப்பின் அளவைக் குறைக்க நல்ல வழிதான்; ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் அவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வரைய வேண்டியிருப்பதால் சில்லுக்கு வேலை அதிகம். நாம் ஒரு பக்கத்தைப் படிக்கும்போதே கோரீடர் அடுத்த பக்கத்தை வரைந்து வைத்துக்கொள்கிறது என்பதால், வரிசையாகப் படிக்கும்போது இந்தத் தயக்கம் தெரிவதில்லை. பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் புரட்டும்போதுதான் காத்திருக்க நேர்கிறது.

விரித்து வைத்த புத்தகத்தின் இரு பக்கங்களையும் ஒரே படமாக எடுத்த கோப்புகளும் உண்டு. அவற்றுக்கு லிப்ரேரா என்ற செயலியை வைத்திருக்கிறேன். படத்தை நடுவில் பிளந்து, பாதியை ஒரு பக்கமாக வரிசையாகக் காட்டும் வசதி அதில் ஒரே தட்டில் கிடைக்கிறது. அந்த ஒரு வேலைக்கு மட்டுமே அது.

இரண்டாம் வகையான பழைய எழுத்துருக் கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பாமினி எழுத்துருவில் செய்த ஒரு பிடிஎஃபில் ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் வரும். ஜே இருக்கும் இடத்தில் ‘த’வின் உருவத்தையும், கே இருக்கும் இடத்தில் ‘ம’வின் உருவத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள், கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலம்தான். எழுத்துரு கோப்பிலேயே பொதிந்திருப்பதால் படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தேடினால் மட்டும் எதுவும் கிடைக்காது, அகராதியும் வேலை செய்யாது. ஒரு பத்தியை மேற்கோளாக எடுக்க வேண்டியிருந்தால் சுரதா என்பவர் உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக மாற்றிக்கொள்கிறேன். உலாவியில் ஓடுவது என்பதால் டேப்லெட்டிலேயே செய்துவிடலாம். இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமிருந்தும் வந்த 1990களின், 2000களின் தொடக்ககால ஆவணங்கள் பல இந்த வகைதான். அதனால் உலாவியில் இந்தப் பக்கத்துக்கு ஒரு குறுக்குவழி வைத்து, முகப்புத் திரையிலேயே போட்டுவிட்டேன்.

மூன்றாம் வகையில்தான் டேப்லெட்டின் முழு அருமை தெரிகிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கும் மதுரைத் திட்டத்தின் உரைகள், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் இபப்கள், விக்கிமூலத்திலிருந்து இறக்கிய நாட்டுடைமை நூல்கள் எல்லாம் இதில் வரும். இவற்றையும் கோரீடரில்தான் படிக்கிறேன். ஆனால் தமிழுக்கென்று மூன்று மாற்றங்கள் செய்தேன்.

முதலாவது எழுத்துரு. நோட்டோ செரிஃப் தமிழ் கோப்பை இறக்கி, கோரீடர் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக்களுக்கான கோப்புறையில் போட்டுச் செயலியை மறுபடி திறந்தால் பட்டியலில் வந்துவிடும். தலைப்புகளுக்கு நேர்த்தியாக இருக்கும் மெல்லிய எழுத்துருக்கள், நீண்ட நேர வாசிப்பில் கண்ணைக் களைப்படையச் செய்கின்றன. தடிப்பும் மெலிவும் உள்ள அச்செழுத்துச் சாயலே எனக்குச் சரியாக இருக்கிறது. இரண்டாவது, எழுத்துகளை இணைக்கும் முறை. எழுத்துரு அமைப்பில் எழுத்திடைவெளி என்ற இடத்தில் பல நிலைகள் இருக்கும். வேகமானது, நல்லது, மிகச் சிறந்தது என்று. தமிழுக்குக் கடைசி நிலைதான் வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் வந்து நிற்க வேண்டும். கோப்பில் அவை ககரத்துக்குப் பின்னால் ஒரே குறியாக இருப்பவை. அவற்றைப் பிரித்து உரிய இடத்தில் வைக்கும் வேலையை அந்த நிலைதான் முழுமையாகச் செய்கிறது. எங்காவது கொம்பு இடம் மாறித் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்பை. மூன்றாவது, இருபுறமும் சமமாக வரிகளை நிறுத்தும் வழக்கத்தை விட்டுவிட்டு இடப்புறம் மட்டும் ஒட்டி நிறுத்தினேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய வெற்றிடங்கள் விழும். வலப்பக்கம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருந்தாலும், ஓட்டம் தடைபடாமல் படிக்க இதுவே மேல். வரிகளுக்கு நடுவே வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இடம் விட்டேன். நம் எழுத்துகள் மேலேயும் கீழேயும் நீளுபவை.

அகராதி இல்லாமல் பழைய உரைநடையைப் படிப்பது கடினம். கோரீடர் ஸ்டார்டிக்ட் வடிவிலான அகராதிகளை ஏற்கும். தமிழ் அகராதிகளையும் தன்னார்வலர்கள் அந்த வடிவில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் வந்துவிடும். ஆனால் ‘மரத்தில்’ என்ற சொல்லை அழுத்தினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அகராதியில் இருப்பது ‘மரம்’. சென்றான், வந்திருந்தார்கள் போன்ற வினைகளுக்கும் இதே நிலைதான். வேற்றுமை உருபையும் விகுதியையும் கழித்து வேர்ச்சொல்லைத் தானாகக் கண்டுபிடிக்கும் திறன் அதற்கு இல்லை. பொருள் காட்டும் சாளரத்திலேயே தேடும் சொல்லைத் திருத்தும் வசதி இருப்பதால், உருபை அழித்துவிட்டு மறுபடி தேடுகிறேன். ஆங்கிலத்தில் தட்டினால் பொருள் வருகிறதே என்று ஒப்பிட்டு ஏமாற்றமடையாமல், இந்த ஒரு படியைப் பழகிக்கொண்டால் போதும். இதற்குத் துணையாக கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்சனரியையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் முழுதாக இறக்கி வைத்திருக்கிறேன். இணையம் இல்லாத இடத்திலும் இரண்டும் திறக்கும். ஊர்ப்பெயரோ, ஜமீன் பெயரோ, மறைந்த இதழ் ஒன்றின் பெயரோ வரும்போது அப்போதே பார்த்துவிட முடிகிறது.

படிப்பதோடு குறிப்பெடுக்கவும் வேண்டும். இங்கேதான் திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதி கைகொடுக்கிறது. டேப்லெட்டைக் கிடைமட்டமாகத் திருப்பி, இடப்பாதியில் கோரீடர், வலப்பாதியில் மார்க்கோர் என்ற எளிய குறிப்புச் செயலி. பாதித் திரையின் அகலம் கிட்டத்தட்ட 12 செ.மீ.; கிரவுன் அளவுப் பக்கத்தின் அகலம் அது. ஓரத்தை ஏற்கெனவே வெட்டிவிட்டதால் எழுத்துப் பகுதி முழுதாகத் தெரிகிறது. மார்க்கோர் எல்லாவற்றையும் வெறும் உரைக் கோப்பாகவே சேமிப்பது எனக்கு முக்கியம். அழகான குறிப்புச் செயலிகள் பல இருக்கின்றன. அவை தங்களுக்கே உரிய வடிவத்தில் குறிப்பைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எந்தக் கணினியிலும் திறக்கக்கூடியது உரைக் கோப்பு ஒன்றுதான்.

தட்டச்சுக்குச் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. ஆங்கில ஒலிவழி அஞ்சல் முறையும் அதில் இருக்கிறது, தமிழ்99 முறையும் இருக்கிறது. பெரிய திரையில் தமிழ்99க்குப் பழகிக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. இடக்கைக்கு உயிரெழுத்துகள், வலக்கைக்கு அதிகம் வரும் மெய்கள். அதன் நுட்பம் புள்ளியில் இருக்கிறது. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். ‘தங்கம்’ என்பதில் ங-வை அடுத்து க வந்ததும் ‘ங்க’ ஆகிவிடும். ‘வணக்கம்’ எழுத வ, ண, க, க, ம, கடைசியில் மட்டும் புள்ளி. கைபேசியின் குறுகிய திரையில் இந்த விசைகள் நெருங்கி நிற்கும்; 11 அங்குலத்தில் ஒவ்வொரு விசையும் விரல் அகலம் கிடைப்பதால் பார்க்காமலே தட்ட முடிகிறது.

நீண்ட பத்தியை மேற்கோளாக எடுக்க வேண்டும் என்றால் தட்டச்சு செய்யாமல் திரையைப் படமாகப் பிடித்து, கூகுள் லென்ஸில் கொடுத்து எழுத்தாக மாற்றுகிறேன். 1978க்குப் பிந்தைய அச்சென்றால் கொஞ்சம் திருத்தினால் போதும். அந்த ஆண்டில்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தலைக்கு மேல் வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை காலில்லாமல் எழுத்தோடு பிணைந்த சுழியோடும் இருக்கும். எழுத்துணரி அந்த இடங்களில்தான் தடுமாறுகிறது. ‘னை’ இருக்கும் இடத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து நிற்கும். எனவே பழைய பதிப்பிலிருந்து எடுத்த பத்தியில் இந்த ஏழு எழுத்துகளையும் மூலத்தோடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே குறிப்பில் சேர்க்கிறேன். மேற்கோள் என்றால் ஓர் எழுத்தும் மாறக்கூடாது.

அம்மாவுக்கும் இந்த டேப்லெட் பிடித்துவிட்டது. “கண்ணாடியைக் கழற்றினாலும் படிக்க முடிகிறதே” என்றார், யூனிகோட் நூலின் எழுத்தை நான் பெரிதாக்கிக் கொடுத்தபோது. மாலையில் அவருக்குக் கண் சோர்ந்துவிடும் என்பதால் வாய்ஸ் அலவுட் ரீடர் என்ற செயலியைப் போட்டேன். கூகுளின் தமிழ்க் குரலை நிறுவிக்கொண்டால் இபபை அது வாசித்துக் காட்டும். கதையும் கட்டுரையும் நன்றாகவே வருகின்றன. சந்தி பிரிக்காத பழைய நடையில் எங்கே மூச்சு விடுவது என்று அதற்குத் தெரிவதில்லை; எண்களையும் சுருக்கக் குறிகளையும் விசித்திரமாக உச்சரிக்கிறது. வேகத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் கேட்க இன்னும் தெளிவாக இருக்கிறது. “இந்தப் பெண் அவசரப்படாமல் படிக்கிறாள், இப்படியே இருக்கட்டும்டா” என்று அம்மா சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்த அமைப்பில் நான் கைவைக்கவில்லை.

மடிக்கணினியில் இறக்கும் நூல்களை டேப்லெட்டுக்கு அனுப்ப லோக்கல்சென்ட். இரண்டு கருவிகளும் வீட்டில் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். இணையத்தைத் தொடாமலே கோப்பு நேராகப் போய்ச் சேர்கிறது. கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, கேபிளும் வேண்டாம். நூறு எம்பி ஸ்கேன் கோப்புகளை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி இறக்குவதைவிட இது பல மடங்கு விரைவு. காப்புப் படியும் இதே வழியில்தான். கோரீடர் ஒவ்வொரு நூலுக்கும் அதன் அருகிலேயே ஒரு சிறு கோப்புறையை உருவாக்கி, நான் போட்ட எல்லைகள், அடையாளங்கள், அடிக்கோடுகள், நிறுத்திய பக்கம் எல்லாவற்றையும் அதில் வைக்கிறது. நூலோடு அந்தக் கோப்புறையையும் சேர்த்து மடிக்கணினிக்கு நகலெடுத்துவிட்டால், நாளைக்கு வேறு டேப்லெட் வாங்கினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

போட்டுப் பார்த்து எடுத்தவையும் உண்டு. பக்கம் புரளும் அசைவைக் காட்டும் வாசிப்புச் செயலிகள் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பேனாவால் எழுதும் குறிப்பேட்டுச் செயலிகள் கணக்குப் போடுபவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் பெரிய வரம். எனக்குத் தேவை தேடக்கூடிய உரை என்பதால் நீக்கினேன். கோப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வரும் துப்புரவுச் செயலிகளை எந்த டேப்லெட்டிலும் போடாதீர்கள். கேட்காமலே பின்னணியில் ஓடி மின்கலத்தைத் தின்பவை அவை.

இப்போது ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் செய்துகொண்டிருப்பது பொருளடக்கம் சேர்க்கும் வேலை. ஸ்கேன் கோப்புகளில் பொருளடக்கப் பக்கமும் படமாகவே இருக்கும். தட்டினால் அத்தியாயத்துக்குப் போகாது. நானூறு பக்க நூலில் ஏழாம் அத்தியாயம் எங்கே என்று தேடுவதே பெரும்பாடு. கோரீடரில் கையால் பொருளடக்கம் உருவாக்கும் வசதி இருக்கிறது. பக்கங்களைச் சிறு படங்களாக விரித்துப் பார்க்கும் காட்சியைத் திறந்து, அத்தியாயம் தொடங்கும் பக்கத்தை அழுத்திப் பிடித்து, இங்கே புதிய அத்தியாயம் என்பதைத் தேர்ந்து தலைப்பைத் தமிழில் தட்டச்சு செய்தால் முடிந்தது. தலைப்புகளை நூலின் பொருளடக்கப் பக்கத்தைப் பார்த்தே எழுதுகிறேன். சில பதிப்புகளில் உள்ளே ஒரு தலைப்பும் பொருளடக்கத்தில் வேறொரு தலைப்பும் இருக்கும், அங்கே உள்ளே இருப்பதையே எடுத்துக்கொள்கிறேன். அடிக்கடி புரட்டும் நூல்களுக்கு முடித்துவிட்டேன். இதழ்த் தொகுதிகளில் ஒவ்வொரு மாத இதழும் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று குறிப்பது அடுத்த வேலை. நூலகம் தளத்திலிருந்து இறக்கிய தொகுதிகளிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.